வெள்ளைத் துணி வரும்வரை

அண்ணா, அண்ணா, பெட்டியை அதன் மேலே வைத்துவிடாதீங்க. அந்தக் குழாய்க்குள் கம்பி இருக்கிறது, வளைந்தால் போச்சு. இப்படிக் கொடுங்க, நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். திருப்பூர் வரைக்கும் மடியில்தான் வைத்திருந்தேன், கால் மரத்துப் போய்த்தான் மேலே வைத்தேன். உட்காருங்க. ஈரோட்டில் எப்போதும் இப்படித்தான், பாதி ஊரே ஏறும்.

புல்லாங்குழல் இல்லைங்ணா. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். டிக்கெட் பார்க்க வந்தவர் தூண்டிலா என்று கேட்டார். இது துப்பாக்கி துடைக்கிற கம்பி. அட, நகர்ந்து உட்காராதீங்க. துப்பாக்கி என்னிடம் இல்லை. அது சென்னையில் இருக்கிறது, என் சம்சாரத்திடம்.

போலீஸெல்லாம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். போட்டிக்குச் சுடுகிறவள். குப்புறப் படுத்துக்கொண்டு சுட வேண்டும். ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அட்டைக்கு நடுவில் ஒரு வட்டம், அந்த வட்டம் உங்கள் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அறுபது குண்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். இன்றைக்கு மூன்று மணிக்கு அவளுக்குப் போட்டி. அறுநூற்றுக்கு ஐந்நூற்று எண்பத்தைந்து எடுத்தால் தேசியப் போட்டிக்குப் போவாள். இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

இந்த வண்டி இரண்டு மணிக்குள் போய்விடும் இல்லைங்ளா? போய்விடும். அங்கிருந்து ஆட்டோவில் முக்கால் மணி நேரம். எனக்கு அந்தத் துப்பாக்கியோடு பத்து நிமிடம் கிடைத்தால் போதும். பத்து நிமிடம், ஆறு துண்டுத் துணி. அதற்குத்தான் போகிறேன். அவளுக்கு நான் வருவது தெரியாது. நாலு மாதமாக அவள் கோபியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். துப்பாக்கியும் அங்கேதான் இருந்தது. லைசென்ஸ் அவள் பெயரில் இருக்கிறது, அவள் எங்கே போனாலும் அது கூடப் போகும். என்னால்தான் கூடப் போக முடியவில்லை.

சண்டை என்று சொல்ல முடியாதுங்ணா. எங்கள் இரண்டு பேருக்கும் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர் மயில்சாமி. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பதினாலு வருஷம். மில்லில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும், பார்த்திருப்பீங்க. ஒரு ஷிப்டு துடைக்காமல் விட்டால் மெஷினுக்கு மீசை முளைக்கும். இரண்டு ஷிப்டு விட்டால் நின்றுவிடும். என் கையில் இருக்கிற மெஷின் ஒன்று கூட அழுக்கால் நின்றதில்லை. மேலதிகாரிகள் வந்தால் என் வரிசையைத்தான் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. காலேஜில் என்.சி.சி.யிலும் இருந்தேன். அங்கேயும் இதே சின்னத் தோட்டா ரைஃபிள்தான், பாயின்ட் டூ டூ என்போம். கேம்ப் முடிகிற அன்றைக்கு ஹவில்தார் ஒரு வெள்ளைத் துணியைப் பேரலுக்குள், துப்பாக்கிக் குழலுக்குள்தான், விட்டு இழுப்பார். வெள்ளையாகவே வெளியே வர வேண்டும். சாம்பல் நிறத்தில் வந்தால் மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும். என் பெயரை அவர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

என் சம்சாரம் கோகிலவாணியும் என்.சி.சி.தான். பெண் பார்க்கப் போனபோதே அதைத்தான் பேசினோம். காபி ஆறுகிற வரைக்கும் துப்பாக்கிப் பேச்சு. அவள் அத்தை உள்ளே போய், "பையன் மிலிட்டரிக்கு ஆள் எடுக்க வந்த மாதிரி பேசறானே"ன்னு சொன்னாளாம். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ரைஃபிள் கிளப்பில் சேர்த்துவிட்டேன். நான்தான் சேர்த்துவிட்டேன், அதை யாரும் மறுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டியில் கூட்டிப்போய் விடுவேன். கிளப் துப்பாக்கியில் சுட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆனது. இரண்டு வருஷம் அலைந்தோம். லைசென்ஸுக்கு ஒரு அலைச்சல், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஒரு அலைச்சல். போன மே மாதம் வந்தது.

பெட்டியைத் திறந்தபோது ஒரு வாசனை வந்தது பாருங்க, புது மெஷின் வாசனை. அவள் துப்பாக்கியின் மரக்கட்டையைத் தடவிப் பார்த்தாள். நான் பேரலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தேன். கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி வட்டம் வட்டமாகப் போய் அந்தக் கடைசியில் வெளிச்சம். நூல் சுற்றுகிற ஸ்பிண்டில் ஆயிரம் பார்த்த கண்ணுங்ணா இது. அவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

கூடவே ஒரு தாள் வந்தது. புது பேரலைப் பழக்குவது எப்படி என்று அதில் போட்டிருந்தான். புதுச் செருப்பு மாதிரிதான், கண்ணுக்குத் தெரியாத பிசிறு உள்ளே இருக்கும். அதனால் முதலில் ஐந்து குண்டு சுடு, பிறகு பின்பக்கமிருந்து எண்ணெய்த் துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று, மறுபடி ஐந்து குண்டு. முன்பக்கமாகக் கம்பியை விடாதே, வாயில் ஒரு கீறல் விழுந்தால் குண்டு திசை மாறும். வெறும் ட்ரிக்கர் அழுத்தாதே, ஏனென்றால் இந்தத் தோட்டாவில் மருந்து நடுவில் இல்லை, அடியில் இருக்கிற விளிம்பில் இருக்கிறது. ஊசி விளிம்பைத்தான் அடிக்கும், தோட்டா இல்லாவிட்டால் பேரலையே அடித்துவிடும். எல்லாம் எனக்கு மனப்பாடம். இப்போது கேட்டாலும் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன் கேளுங்க. இந்தக் கம்பியை நானே மில் லேத்தில் கடைந்தேன். முனையில் பித்தளை. கிளப்பில் அவள் பாயில் படுத்திருக்கிறாள், நான் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் ஐந்து சுடுவாள், பேரலின் பின்பக்கத்தை மூடுகிற போல்ட்டை உருவி என் கையில் கொடுப்பாள். நான் இரண்டு துணி விடுவேன். மறுபடி அவள் ஐந்து. மறுபடி நான். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றரை வரைக்கும். இருநூறு குண்டு, நாற்பது தடவை. முதல் துணி கறுப்பாக வந்தது, பிறகு ஈயக் கலர், பிறகு புகை மாதிரி. அதையெல்லாம் வரிசையாகத் தரையில் வைத்தேன். அவள் படுத்தபடியே திரும்பிப் பார்த்துச் சிரித்து, "ஏனுங்க, உங்க கை பட்டாத்தான் இது சுடும்போல"ன்னாள்.

அவள் சொன்னதுங்ணா. நானாகச் சொல்லவில்லை. அவள் வாயால் சொன்னது.

அன்றைக்குச் சாயங்காலம் அச்சுதன் சார் வந்து பார்த்தார். அவர்தான் கோச். பாலக்காட்டுக்காரர், ராணுவத்தில் இருந்தவர். அட்டையைப் பார்த்தார், தலையாட்டினார். "பழகிக் கழிஞ்ஞு. இனி இதைத் தொடண்டா, கேட்டோ. வெளியே துடைக்கலாம், போல்ட்டைத் துடைக்கலாம். பேரலுக்குள்ளே நான் சொல்றப்போ மட்டும்" என்றார். பழகிவிட்டது, இனித் தொடாதே என்கிறார். எப்போ சொல்வீங்க என்று கேட்டேன். "ஒரு மாசம் ஆகும், மூணு மாசம் ஆகும். அது கெட்டுச் சுட்டாத்தான்" என்றார்.

கெட்டுச் சுட்ட பிறகு துடைப்பதாம். மெஷின் நின்ற பிறகு எண்ணெய் விடுகிற கதையாக இருக்கிறது இல்லைங்ளா?

காரணம் ஒன்று சொல்வார்கள். இந்தச் சின்னத் தோட்டா ஈயம், மேலே மெழுகு பூசியிருக்கும். சுடச் சுட அந்த மெழுகு பேரலுக்குள் மெல்லிசாகப் படியும். படிந்த பிறகுதான் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். துடைத்துவிட்டால் மறுபடி படிய இருபது, முப்பது குண்டு ஆகுமாம், அதுவரைக்கும் சிதறுமாம். வாணி எனக்கு இதைச் சமையலறையில் நின்று விளக்கினாள். "புது தோசைக்கல்லப் பழக்கறோமுங்க. பழகினப்புறம் அதப் போய் யாராச்சும் சாம்பல் போட்டுத் தேப்பாங்களா?" என்று கேட்டாள்.

தோசைக்கல்லும் துப்பாக்கியும் ஒன்றா? நீங்களே சொல்லுங்க.

அந்தக் கல் விஷயமே வேறு. அவள் போன பிறகு நானே சமைத்துக்கொள்கிறேன். முதல் வாரமே தோசை ஒட்டியது. தினமும் ராத்திரி தேங்காய் நார் போட்டுப் பளபளவென்று தேய்த்துத்தான் கவிழ்த்து வைக்கிறேன், அப்படியும் ஒட்டுகிறது. கல் சரியில்லை என்று வேறு வாங்கினேன். அதுவும் ஒட்டியது. இப்போது மூன்றாவது கல். அந்தக் காலத்து இரும்பு இப்போது எங்கே வருகிறது.

சேலம் வந்துவிட்டதா? டீ சாப்பிடுங்ணா. இல்லை இல்லை, நான் வாங்குகிறேன். இந்தக் குழாயை ஒரு நிமிடம் பிடியுங்க. சாய்க்காமல்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம். நான் கேட்காமல் இல்லை. அவள் சொன்னதையெல்லாம் கேட்டேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலமானால் கை சும்மா இருக்காது. பீரோவைத் திறந்து, சும்மா ஒரே ஒரு துணி விடுவேன். சாம்பலாக வரும். சாம்பலாக வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு மூடி வைக்க எப்படி மனசு வரும்? இன்னொரு துணி. இன்னொரு துணி. வெள்ளையாக வருகிற வரைக்கும் விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அவள் போய்ச் சுட்டால் முதல் டப்பா குண்டு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகும். அவள் என்னைப் பார்ப்பாள். "தொட்டீங்களா?" "லேசா." அவ்வளவுதான் பேச்சு. அவளிடம் நல்ல குண்டு கொஞ்சம்தான் இருந்தது. ஒரே தடவையில் தயாரான குண்டு, அந்தப் பேரலுக்கு ஒத்துப்போன குண்டு, மறுபடி கிடைக்காது. அதில் பாதி என் துணிக்குப் போகிறது என்று ஒரு நாள் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

ஏழு வாரம் தொடவில்லைங்ணா. ஏழு வாரம். மில்லில் மெஷினைத் துடைக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம். வீட்டுக்கு வந்தால் பீரோ தெரியும். உள்ளே ஈயம் படிந்துகொண்டே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே சோறு சாப்பிடுவது இருக்கிறதே, அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? அவளோ அந்த ஏழு வாரத்தில் ஐந்நூற்று எண்பத்தெட்டு வரைக்கும் போய்விட்டாள். கை பழகிவிட்டது, அதுதான் காரணம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

மில்லில் ஆயுத பூஜை என்றால் எங்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிசு. இரண்டு நாள் மெஷினை நிறுத்திக் கழுவுவோம். ஸ்பேனரிலிருந்து சுத்தியல் வரைக்கும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சந்தனம், குங்குமம். அன்றைக்கு மத்தியானம் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். வாணி பக்கத்து வீட்டு அக்காவோடு கோயிலுக்குப் போயிருந்தாள். என் டூல் பெட்டிக்குப் பொட்டு வைத்தேன். வண்டிக்கு வைத்தேன். மிக்ஸிக்கு, அரிவாள்மனைக்கு, அவளுடைய விசிலுக்குக்கூட வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பினால் பீரோ.

ஆயுத பூஜைங்ணா. வீட்டிலேயே ஆயுதம் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அரிவாள்மனையைத் துடைத்துவிட்டு அதை அழுக்கோடு விட்டால் அது என்ன பூஜை? அழுக்கின் மேல் பொட்டு வைக்கலாமா? வீட்டுக்கு ஆகுமா? மூன்று நாளில் மாநிலப் போட்டி வேறு.

ஒரு மணி நேரம் ஆனது. ஏழு வார அழுக்கு. பிரஷ் போட்டேன், மண்ணெண்ணெய் விட்டேன், துணி, மறுபடி பிரஷ். முப்பத்தெட்டாவது துணி வெள்ளையாக வந்தது. பால் மாதிரி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியாக மில் ஸ்பிண்டில் ஆயில் ஒரு சொட்டு. அதைவிட மெல்லிசான எண்ணெய் உலகத்தில் கிடையாது. கட்டையில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, உள்ளே வைத்தேன்.

வந்தவள் பொட்டைப் பார்த்தாள். "பொட்டு மட்டுந்தானே வெச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா"ன்னேன்.

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். கோயில் விபூதியோடு, முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது. அதைக் கெடுக்க வேண்டாம் என்றுதான். நல்லதுக்குத்தான் சொன்னேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் பள்ளிக்கூடத்தில் விழா, சுடப் போகவில்லை. நேராகப் போட்டிக்குத்தான் போனோம்.

போட்டி ஆரம்பிக்கும் முன்னால் கொஞ்ச நேரம் கணக்கில் வராத குண்டு சுட விடுவார்கள். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன். முதல் குண்டு மேலே போனது. இரண்டாவது இடது பக்கம். மூன்றாவது கீழே. அவள் குறி பார்க்கிற திருகைத் திருப்புகிறாள், மறுபடி சுடுகிறாள், மறுபடி திருப்புகிறாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் குண்டு வேறு பக்கம் போகிறது. நேரம் முடிந்து கணக்கு ஆரம்பித்துவிட்டது. எட்டு, ஒன்பது, எட்டு, ஏழு. வாணி ஏழு வாங்கி நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை தலையைத் தூக்கினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி கன்னத்தைக் கட்டையில் வைத்துக்கொண்டு சுட ஆரம்பித்தாள். கடைசி இருபது குண்டு எல்லாம் பத்துதான். ஆனாலும் ஐந்நூற்று அறுபத்தாறு.

வெளியே வந்ததும் அச்சுதன் சார் ஒரு துணியைப் பேரலுக்குள் விட்டு இழுத்து மோந்து பார்த்தார். "மயில்சாமி, இது மில்லு எண்ணெய் அல்லே?" என்றார்.

அவள் திட்டவே இல்லைங்ணா. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "பொட்டு மட்டுந்தான்னு சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கோபி பஸ் ஏறிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் வைத்து, "அடுத்த போட்டி முடியட்டும், அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் வராதீங்க" என்றாள். அந்த அடுத்த போட்டிதான் இன்றைக்கு.

நானும் போகவில்லை. ஒரே ஒரு தடவை போனேன், பொங்கலுக்கு. மாமியார் வாசலிலேயே, "வாங்க மாப்ள, சாப்பிடுங்க"ன்னாங்க. சாப்பிட்டேன். துப்பாக்கி வைத்திருக்கிற அறைக்கு வெளியே பூட்டுப் போட்டிருந்தது. என் வீட்டில்கூட அவள் பூட்டுப் போட்டதில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு மாதம். வாரத்துக்கு நூறு குண்டு வைத்தாலும் ஆயிரத்து எழுநூறு. அந்த ஈயம் முழுக்க அந்தப் பேரலுக்குள் இருக்கிறது. இதோடு போய் அவள் படுக்கப் போகிறாள். சுட்டால் என்ன ஆகும்? ஐந்நூற்று ஐம்பதுகூட வராது. வராவிட்டால் சுடுவதையே விட்டுவிடுவாள். சுடுவதை விட்டால் என்னோடு பேச என்ன இருக்கிறது? அவள் திரும்பி வரவே மாட்டாள். எனக்குத் தூக்கம் போய் ஒரு வாரம் ஆகிறதுங்ணா. நேற்று மில்லில் லீவு கேட்டேன், சூப்பர்வைசர், "என்ன மயிலு, முகம் செத்துப் போயிருக்கு"ன்னார்.

நேரத்தை எனக்கு ஷெரின் சொன்னாள். அவளும் சுடுகிற பெண்தான், சென்னையில் வாணியோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறாள். "அண்ணா, மூணு மணிக்குத்தான். அதுக்கு முன்னாடி வந்தீங்கன்னா வெளிய வெயில்லதான் நிக்கணும், மூணுக்கே வாங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். நல்ல பெண். என் மேல் அக்கறை.

ஒரு நிமிடங்ணா. போன். அவள்தான், ஷெரின்தான்.

சொல்லும்மா. ஆமா, வண்டியிலதான். ஜோலார்பேட்டை தாண்டிட்டோம். என்னது? முடிஞ்சுதா? மூணு மணின்னியேம்மா? மாத்திட்டாங்களா? ஓ. எத்தன? திருப்பிச் சொல்லு. திருப்பிச் சொல்லும்மா.

ஐந்நூற்றுத் தொண்ணூற்று இரண்டுங்ணா.

காலை ஒன்பது மணிக்கே சுட்டுவிட்டாளாம். முதல் மூன்று பேருக்குள் வந்துவிட்டாளாம். தேசியப் போட்டி உறுதி. ஐந்நூற்றுத் தொண்ணூற்று இரண்டு. இருங்க, வாணி பேசுகிறாள்.

ஆமா. ஆமா வாணி. கேக்குது.

சரி.

சரி. கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

இல்ல, கம்பியெல்லாம் கொண்டு வரல.

சரி... இருக்கு. கொண்டு வந்திருக்கேன்.

சரி வாணி. சரி. வெச்சர்றேன்.

நீங்கள் கேட்டிருக்க மாட்டீங்க, சொல்கிறேன். "இன்னைக்காச்சும் நான் சொல்றத முழுசாக் கேளுங்க. காட்பாடியில எறங்கிக் கோயமுத்தூர் வண்டி ஏறி வீட்டுக்குப் போங்க. நான் நாளைக்குக் கோபிக்குப் போயி துணிமணியெல்லாம் எடுத்துட்டு ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்தர்றேன். ஆனா இங்க வராதீங்க. இந்தத் துப்பாக்கிப் பெட்டிகிட்ட நீங்க வந்தீங்கன்னா அப்புறம் நான் எப்பவும் வரமாட்டேன்." அழுத மாதிரியும் இருந்தது, சிரித்த மாதிரியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்.

காட்பாடி எப்போது வரும்? பத்து நிமிடமா? சரி. அந்தப் பையை எடுத்துக் கொடுங்கண்ணா. நன்றி. செருப்பு எங்கே போனது. வீடு எப்படிக் கிடக்கிறது தெரியுமா, ஞாயிற்றுக்கிழமைக்குள் கழுவி விட வேண்டும். அவளுக்குப் பிடித்த பச்சைப் பயறு வாங்கி வைக்க வேண்டும்.

ஐந்நூற்றுத் தொண்ணூற்று இரண்டு.

அண்ணா, ஒன்று கேட்கட்டுமா? நாலு மாதம் துடைக்காத பேரலில் அவ்வளவு வருமா?

எப்படிங்ணா வரும்? வராது. ஆயிரத்து எழுநூறு குண்டு ஈயம் உள்ளே இருக்க, தொண்ணூற்று இரண்டு எப்படி வரும்? நான் துடைத்தபோதே வரவில்லையே. அப்படியென்றால் யாரோ துடைத்திருக்கிறார்கள். வேறு எப்படி?

யார் துடைத்திருப்பார்கள்? அவளுக்குத் துடைக்கத் தெரியாது, எல்லாம் நான்தான் செய்தேன். மாமியாருக்குத் துப்பாக்கியைக் கண்டாலே ஆகாது. ஷெரினா? அவளுடையதையே அவள் துடைப்பதில்லை. அச்சுதன் சாரா? தொடாதே தொடாதே என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர் துடைத்துக்கொண்டிருக்கிறாரா? இல்லை வேறு யாராவதா? பாய்க்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, போல்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, அவள் ஐந்து சுட, அவன் இரண்டு துணி விட... தப்பாக நினைக்கவில்லைங்ணா. அவளைப் பற்றி நான் தப்பாக நினைப்பேனா? துப்பாக்கியை மட்டும்தான் சொல்கிறேன். அதில் வேறொரு கை பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் என்னை ஏன் வராதே என்கிறாள்?

நீங்கள் சொல்வது சரிதான். இறங்குகிறேன். இதோ நின்றுவிட்டது. இறங்கத்தான் போகிறேன். வழி விடுங்கம்மா. எவ்வளவு நேரம் நிற்கும்? இரண்டு நிமிடமா?

போய்ப் பேரலுக்குள் ஒரு தடவை கண்ணை வைத்தால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். யார் துடைத்தது, எந்தப் பக்கத்திலிருந்து துடைத்தான், பிரஷ் போட்டானா, எல்லாம் தெரிந்துவிடும். கேட்கவெல்லாம் மாட்டேன். பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன். தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? சொல்லுங்க. காலம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு சோறு சாப்பிடவா?

தள்ளாதீங்கண்ணா. எனக்குத் தெரியும், எதிர்ப் பக்க பிளாட்பாரம்தான். தெரியும். ஒரு நிமிடம்.

நகர்ந்துவிட்டதா?

பரவாயில்லை. ஓடுகிற வண்டியில் இறங்கக் கூடாது. அரக்கோணத்தில் பார்த்துக்கொள்ளலாம். உட்காருங்க, நீங்கள் ஏன் நின்றுகொண்டிருக்கிறீங்க.

மறுபடி போன். அவள்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கண்ணா, அந்த ஜன்னலை இறக்கிவிடுங்க.

சொல்லு வாணி. எறங்கிட்டேன், எறங்கிட்டேன். பிளாட்பாரத்துலதான் நிக்கறேன்.

சத்தமா? அது எதிர் வண்டிம்மா.